யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்கு யார் காவல்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும், பிள்ளைங்களுக்குப் பயன்படற மாதிரி இருக்கட்டும்" என்றார். தலைப்பைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பொதுக்கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளா? நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் விடுதி வராந்தாவைப் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவரவர் அறையை அவரவர் பெருக்குவோம். வராந்தாவை? "அது எல்லாருடையதும்தானே" என்று எல்லோரும் அதில் நடந்தோம். எல்லோரும் அதில் குப்பை போட்டோம். பெருக்கியவரை நான் பார்த்ததில்லை. உலகக் கடலின் நிலைமையும் ஏறக்குறைய இதேதான்.

1982-ல் ஜமைக்கா நாட்டின் மாண்டிகோ பே நகரில் கையெழுத்தாகி, 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் இன்றைக்குக் கடலின் அரசியல் சட்டம். அதன்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் எல்லை. 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு உரியவை. அதற்கும் அப்பால் இருப்பது பொதுக்கடல். உலகக் கடல் பரப்பில் சுமார் 64 சதவீதம் இந்தப் பொதுக்கடல்தான். பூமிப் பரப்பில் ஏறத்தாழ பாதிக்கு உரிமையாளர் இல்லை என்று அர்த்தம்!

காவலே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் துண்டு துண்டாக உண்டு. கப்பல் போக்குவரத்துக்கு லண்டனில் ஒரு அமைப்பு. கடலடிக் கனிமத்துக்கு ஜமைக்காவில் ஒரு ஆணையம். இந்துமாக்கடல் சூரை மீனுக்கு செஷல்ஸில் ஒரு ஆணையம். திமிங்கிலத்துக்குத் தனியாக ஒன்று. ஒரு வீட்டுக்கு நாலு பூட்டு, நாலு சாவி நாலு பேரிடம் என்ற கதை. "இந்த இடத்தில் உயிரினங்களுக்கு ஆபத்து, எல்லா வேலையையும் கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று மொத்தமாகச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நீண்ட காலம் இதுதான் நிலை.

இதற்கு முதலில் வழி காட்டியது, மனிதர் குடியிருக்காத தென்துருவக் கடல். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல்வாழ் உயிர்வளங்களைக் காக்க 1980-ல் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் ஆணையம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இருக்கிறது. நம் இந்தியாவும் அதில் உறுப்பினர். 2009-ல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்குத் தெற்கே சுமார் 94,000 சதுர கிலோமீட்டர் பரப்பை அந்த ஆணையம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. முழுக்கப் பொதுக்கடலில் அமைந்த முதல் காப்பகம் அதுதான்.

அடுத்து வந்தது ராஸ் கடல். உலகின் அடேலி பெங்குயின்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாழும் இடம். அண்டார்டிக் டூத்ஃபிஷ் என்ற பெரிய மீன் அங்கே கிடைக்கிறது. வெளிநாட்டு உணவகங்களில் அதற்கு நல்ல விலை. அமெரிக்காவும் நியூசிலாந்தும் இந்தக் கடலைக் காக்க 2012-ல் ஆணையத்தின் முன் திட்டம் வைத்தன. 2013-ல் ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு சிறப்புக் கூட்டம். அங்கே ரஷ்யா, இப்படிக் காப்பகம் அமைக்க ஆணையத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்றே கேட்டது. அந்த ஆணையத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரும் ஒருவர் உண்டு அல்லவா? அவர் இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். அவரே கட்டையை எடுக்க மறுத்தால் தேர் நிலைக்கு வந்து சேராது. ஹோபார்ட்டில் ஒவ்வொரு நாட்டின் கையிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது! வருஷாவருஷம் பேச்சு நடந்தது. பரப்பைக் குறைத்தார்கள், எல்லையை மாற்றினார்கள், காலவரையறை வைத்தார்கள். கடைசியில் 2016 அக்டோபரில் 24 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒத்துக்கொண்டன. 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறை. மொத்தப் பரப்பு 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் சுமார் பன்னிரண்டு மடங்கு. அதில் 11.2 லட்சம் சதுர கிலோமீட்டரில் வணிகத்துக்காக மீன்பிடிக்கவே கூடாது. ஆனால் 35 ஆண்டுகளுக்குத்தான். இன்று இந்த அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் 2052-ல் நடுவயதில் இருப்பீர்கள். மறுபடி அந்தப் பேச்சு வரும்போது மேஜையில் உட்காரப்போவது உங்கள் தலைமுறை.

அதற்குப் பிறகு? கிழக்கு அண்டார்டிகா, வெடல் கடல், அண்டார்டிக் தீபகற்பம் என்று மூன்று திட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. கிழக்கு அண்டார்டிகா, வெடல் கடல் திட்டங்களுக்கு 2021-ல் இந்தியாவும் ஆதரவு தெரிவித்தது. 2025 அக்டோபர் கூட்டம் வரை ஒன்றும் நிறைவேறவில்லை. கட்டை எடுக்கப்படவில்லை.

சரி, வரைபடத்தில் கோடு போட்டால் போதுமா? திருடன் கோட்டைப் பார்த்து ஒதுங்கிப் போவானா? 'தண்டர்' என்ற கப்பலின் கதையைச் சொல்கிறேன். தென்துருவக் கடலில் டூத்ஃபிஷ்ஷைக் களவாடிப் பிடித்த கப்பல் அது. சர்வதேசப் போலீஸ் அறிவிப்பே வெளியிட்டிருந்தது. ஆனால் பொதுக்கடலில் ஒரு கப்பலை அதன் கொடிக்குரிய நாடுதான் பொதுவாகக் கட்டுப்படுத்த முடியும். 2014 டிசம்பரில் 'சீ ஷெப்பர்ட்' என்ற தன்னார்வ அமைப்பின் கப்பல் அதைக் கண்டுபிடித்துத் துரத்த ஆரம்பித்தது. 110 நாள் துரத்தல்! தென்துருவத்திலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரை. இடையில் நைஜீரியா அந்தக் கப்பலுக்குத் தந்திருந்த பதிவை ரத்து செய்தது. 2015 ஏப்ரலில் சாவோ டோமே தீவுக்கு அருகே 'தண்டர்' மூழ்கியது. அதிலிருந்தவர்களைக் காப்பாற்றியவர்கள், துரத்தி வந்தவர்களேதான். பிறகு அந்தத் தீவின் நீதிமன்றம் கப்பல் தலைவனையும் அதிகாரிகளையும் தண்டித்தது. சினிமாவாக எடுத்தால் நன்றாக ஓடும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அரசுகள் செய்ய வேண்டிய காவலைத் தன்னார்வக்காரர்கள் செய்ய வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்த காலத்தில் எனக்கு ஒரு கட்சி இருந்தது. "இத்தனை நாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது. பலமுள்ள நாடு யாராவது துணிந்து அறிவித்துவிட வேண்டும்" என்று பேசித் திரிந்தேன். அந்தக் கட்சியை மாற்றியவர் ஒரு மீனவர்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்து மீனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர்போனவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்குவார்கள். 200 மைலைத் தாண்டிப் பொதுக்கடலுக்கும் போவார்கள். டீகோ கார்சியா இருக்கும் சாகோஸ் தீவுப் பக்கம் போய் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் சிக்கிய படகுகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஒருமுறை அந்தப் பக்கம் போயிருந்தபோது, சாகோஸைச் சுற்றி 2010-ல் பிரிட்டன் பெரிய காப்பகம் அறிவித்ததைப் பற்றி நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "மீன் குறைஞ்சு போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா சாரே? உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனா கோடு போட்டவங்க, அந்தக் கடல்ல பொழைக்கிற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்தவர் கடலுக்குள் போய்ப் பிடிப்பது தப்புதான், அது வேறு விஷயம். அவர் கேட்ட கேள்வி தப்பில்லை.

அவர் கேள்வியின் சாரத்தை 2015-ல் ஒரு சர்வதேச நடுவர் மன்றமும் சொல்லிவிட்டது என்பதுதான் ஆச்சரியம். மொரீஷியஸ் தொடுத்த வழக்கில், அதன் உரிமைகளை மதித்து முறையாகக் கலந்து பேசாமல் பிரிட்டன் காப்பகம் அறிவித்தது கடல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீவுகளின் சொந்த மக்களோ 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் வெளியேற்றப்பட்டவர்கள். சாகோஸ் பொதுக்கடல் அல்ல. என்றாலும் பொதுக்கடலுக்கான பாடம் அதில் இருக்கிறது. நல்ல நோக்கமே ஆனாலும், ஒருவர் மட்டும் போட்ட கோடு கோர்ட்டில் நிற்காது. எல்லோரும் சம்மதித்தால்தான் என்றால் கோடே போட முடியாது. நடுவில் ஒரு வழி வேண்டாமா?

அந்த நடுவழியைத் தேடி நாடுகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பேசின. 2023 மார்ச் 4-ம் தேதி இரவு, நியூயார்க்கில், ஒன்றரை நாள் இடைவிடாமல் நடந்த கடைசிக்கட்டப் பேச்சின் முடிவில், சிங்கப்பூரைச் சேர்ந்த தலைவர் ரெனா லீ அம்மையார் உடன்பாடு ஏற்பட்டதை அறிவித்தார். அந்த ஆண்டு ஜூன் 19-ல் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. கையெழுத்து நிச்சயதார்த்தம் மாதிரி. அரசு முறைப்படி உறுதி செய்வதுதான் தாலி கட்டுவது. 60 நாடுகள் உறுதி செய்தால் நடைமுறைக்கு வரும் என்பது விதி. 2025 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை நிறைந்து, 2026 ஜனவரி 17 முதல் ஒப்பந்தம் உயிர்பெற்றது.

இதில் காப்பகம் அமைக்கும் முறையைக் கவனியுங்கள். ஒரு நாடோ பல நாடுகளோ திட்டம் கொடுக்கலாம். அறிவியல் குழு பார்க்கும். பிறகு அண்டை நாடுகள், தொழில் செய்வோர், பாரம்பரிய அறிவு கொண்ட உள்ளூர் மக்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். தூத்தூர்ப் பெரியவர் கேட்ட அந்த 'ஒரு வார்த்தை' இப்போது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது! ஒருமித்த முடிவுக்கு முதலில் முயல வேண்டும். முடியாவிட்டால், வந்து ஓட்டளிக்கும் நாடுகளில் நான்கில் மூன்று பங்கு சம்மதித்தால் போதும். ஒற்றை ஆள் தேரை நிறுத்த முடியாது.

ஆனால் எல்லாம் முடிந்தது என்று கைதட்டிவிடாதீர்கள். ஒத்துக்கொள்ளாத நாடு 120 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்து, காரணம் காட்டி விலகியிருக்கலாம். ஒப்பந்தத்தில் சேராத நாட்டை இது கட்டுப்படுத்தாது. ஏற்கெனவே இருக்கும் மீன்பிடி ஆணையங்களின் அதிகாரத்தைக் குலைக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ரோந்துக்கு எண்ணெய் யார் போடுவது, செயற்கைக்கோளில் பார்த்த கப்பலை யார் போய்ப் பிடிப்பது? இவற்றுக்கெல்லாம் இனிமேல்தான் விடை காண வேண்டும். 2030-க்குள் கடலில் 30 சதவீதத்தைக் காப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் வாக்குக் கொடுத்தன. நாள் அதிகமில்லை.

நம் இந்துமாக்கடலிலேயே ஒரு உதாரணம் தருகிறேன். செஷல்ஸுக்கும் மொரீஷியஸுக்கும் நடுவே சாயா டி மால்யா என்ற பெரிய நீரடி மேடு. கடலடியில் பச்சைப் பசேலென்று கடற்புல். அடித்தரை அந்த இரண்டு நாடுகளின் கூட்டுப் பொறுப்பில். மேலே இருக்கும் தண்ணீரோ பொதுக்கடல். தரைக்கு ஒரு சட்டம், தண்ணீருக்கு ஒரு சட்டம், நீந்தும் மீனுக்கு எந்தச் சட்டம்? இதற்கு விடை எழுத விலங்கியல் படித்தவர் வேண்டும், சட்டம் படித்தவர் வேண்டும், கணக்கும் கணிப்பொறியும் தெரிந்தவர் வேண்டும், மீனவர் வீட்டுப் பிள்ளையும் வேண்டும். இந்த நாலு பேரும் நம் கல்லூரியில் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

செயலாளரே, "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்றீர்கள். நம் பிள்ளைகளில் ஒருவர் அந்த மேஜையில் உட்கார வேண்டும். அங்கே கோடு போடும்போது, "அந்தக் கடலில் பிழைப்பவர்களைக் கேட்டீர்களா?" என்றும், கேட்டு முடித்த பிறகு, "போட்ட கோட்டைக் காக்க யார் போகிறார்கள்?" என்றும் அவர் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் நம் விடுதி வராந்தா கதைதான்.