மூட்டு மாற்று சிகிச்சையும் உடம்புச் சூடும்

(கரமனையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற மயக்க மருந்து நிபுணரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் வெளியிடுகிறோம்.)



"முழங்கால் ஆபரேஷன் பத்தி நாலு வார்த்தை பேசணும்" என்று செயலாளர் கேட்டபோது, கத்தியைப் பற்றிப் பேச ஸர்ஜன் இருக்கிறார், நான் குளிரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "திருவனந்தபுரத்துல என்ன ஸார் குளிர்? ராத்திரி ஃபேன் நின்னா முழிப்பு வந்துடறது!" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் இந்த ஊரில் யாரும் குளிரை நினைப்பதில்லை என்பதே இங்கே நோயாளிகளுக்கு ஓர் ஆபத்து. ஊர் சூடாக இருக்கலாம், ஆபரேஷன் தியேட்டர் சூடாக இருப்பதில்லை.

இந்த அக்ரஹாரத்தில் முழங்கால் மாற்று சிகிச்சை எப்போது சகஜமாயிற்று என்று எனக்கு நினைவிருக்கிறது. 2000 அக்டோபரில், பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு மும்பை ப்ரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத் இடது முழங்காலை மாற்றினார். 2001 ஜூனில் வலது முழங்கால். அதுவரை "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று இருந்தவர்கள், "பிரதம மந்திரியே பண்ணிண்டார், நமக்கென்ன" என்று பேச ஆரம்பித்தார்கள். அப்படிப் பேசியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

2004-ல் அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து, வாசல்படி இறங்கிக் கோலம் போட முடியாமல் இருந்தாள். முதலில் வலது கால், ஆறு மாசம் கழித்து இடது கால் என்று முடிவாயிற்று. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். லீவு போட்டு வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எல்லோரும் நல்லவர்கள், ஆபரேஷனும் நன்றாகவே நடந்தது. அன்றைக்கு நான் டாக்டர் இல்லை, பிள்ளை மட்டும்தான். மற்றவர்களைப் போல வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ரிகவரி ரூமுக்குள் கூப்பிட்டார்கள். அம்மாவின் பல் கிட்டி, தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டிலே ஆடியது. நர்ஸ் ஒரு போர்வைக்கு மேல் இன்னொரு போர்வையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் வாங்கி அக்குளில் வைத்தேன். பாதரசம் 35 டிகிரி கோட்டைத் தொடவே இல்லை. அக்குளில் சற்றுக் குறைவாகக் காட்டும், என்றாலும் இது மிகக் குறைவு. நாடி ஓடியது, ரத்த அழுத்தம் ஏறியது. "நெஞ்சை என்னமோ பண்றதுடா" என்றாள். அன்று ராத்திரி ஐ.சி.யூ. வேறு தியேட்டரிலிருந்து வெப்பக் காற்று ஊதும் போர்வையைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான், சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, நடுக்கம் அடங்கியது.

மறுநாள் அம்மா சொன்னாள்: "சின்ன வயசுல திருவாதிரைக்கு விடியக்காலம் கரமனை ஆத்துல முங்கி எழுந்திருக்கேன். அப்பக்கூட இப்படிக் குளிரலைடா."

அகஸ்தியர் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் மார்கழி ஜலத்தைவிடக் குளிர் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நம் உடம்பின் உட்புறம், அதாவது இதயம், நுரையீரல், மூளை எல்லாம், சுமார் 37 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. கைகால்கள் அதைவிடச் சில டிகிரி குறைவு. உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடாமல் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் காவல் காக்கின்றன. மயக்க மருந்து அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்கிறோமே, அதிலும் இதேதான். கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருந்த சூடு கால்களுக்குப் பாய்கிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உட்சூடு ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இறங்கலாம். வேடிக்கை என்னவென்றால், கால் கதகதப்பாக இருப்பதால் நோயாளி "எனக்குக் குளிரலை" என்பார். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

இதோடு தியேட்டரின் ஏ.ஸி., தோலில் தடவும் ஸ்பிரிட், அறைச் சூட்டிலேயே ஏற்றும் ட்ரிப் எல்லாம் சேரும். சூடு செய்யாத ஒரு லிட்டர் திரவம் உடம்புச் சூட்டைச் சுமார் கால் டிகிரி குறைக்கும். முழங்கால் ஆபரேஷனில் ரத்தம் வராமல் தொடையில் இறுக்கும் பட்டை ஒன்று உண்டு. கடைசியில் அதை அவிழ்த்ததும், ஆறிப்போயிருந்த காலின் வழியாக ரத்தம் ஓடித் திரும்புவதால், உட்சூடு மறுபடி இறங்கும். எல்லாம் முடிந்தது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில்தான் இது நடக்கிறது.

வயதானவர்களுக்குச் சதை குறைவு, உள்ளே உண்டாகும் சூடும் குறைவு, ரத்தக் குழாய் சுருங்குவதும் மெதுவாக. பலருக்கு நடுக்கமே வராது. நடுங்கவில்லை என்பதால் குளிரவில்லை என்று அர்த்தமில்லை.

"குளிர்ந்தால் என்ன, அப்புறம் சூடாகிவிடாதா?" என்று கேட்கலாம். 1996-ல் வியன்னாவில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 60 பேரைப் பார்த்தார்கள். 36.6 டிகிரியில் வைக்கப்பட்டவர்களுக்கு ரத்த இழப்பு சராசரி 1.7 லிட்டர், 35 டிகிரிக்கு இறங்கியவர்களுக்கு 2.2 லிட்டர். அதே ஆண்டு குடல் ஆபரேஷன் ஆன 200 பேரிடம் செய்த ஆய்வில், சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது, குளிர்ந்தவர்களில் 19 சதவீதம். நடுக்கம் வந்தால் உடம்பு இரண்டு மூன்று மடங்கு பிராணவாயு கேட்கும். பலவீனமான இதயத்துக்கு அது பெரிய சுமை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் சீனாவிலும் அமெரிக்காவிலும் 5,056 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், 37 டிகிரியில் வைத்தவர்களுக்கும் 35.5 டிகிரியில் வைத்தவர்களுக்கும் இதய பாதிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அரை டிகிரிக்காக யாரும் பதற வேண்டாம். ஆனால் அதற்குக் கீழே இறங்க விடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

சரி, என்ன செய்யலாம்? மாமிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காபி கலக்கும்போது டபரா டம்ளரை வெந்நீரில் அலம்பி எடுக்கிறீர்களே, எதற்கு? பச்சைத் தண்ணீர் டம்ளரில் விட்டால் காபி உடனே ஆறிவிடும். கைகால்கள்தான் டம்ளர், உள்ளே இருக்கும் சூடுதான் காபி. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே கைகால்களைச் சூடாக்கிவிட்டால், உள்சூடு அங்கே ஓட வேண்டிய அவசியமில்லை. அரை மணி நேரம் முன்கூட்டிச் சூடாக்குவது, பின்னால் மூன்று கம்பளி போடுவதைவிட மேல். ஒரு போர்வை உடம்பிலிருந்து போகும் சூட்டைச் சுமார் 30 சதவீதம் தடுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அதற்கு மேல் அதிகம் சேர்ப்பதில்லை. போர்வை சூட்டைக் காக்கும், உண்டாக்காது.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2008-ல் வெளியிட்டு, 2016-ல் புதுப்பித்த வழிகாட்டியில் இதெல்லாம் இருக்கிறது. 36 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், அவசரம் இல்லாத ஆபரேஷனை ஆரம்பிக்காதே. அரை மணிக்கு ஒருமுறை சூட்டை அள. அரை லிட்டரும் அதற்கு மேலும் ஏற்றும் திரவத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கு. வெப்பக் காற்று புண்ணுக்குக் கிருமியைக் கொண்டுவரும் என்று சிலர் பயமுறுத்தியதுண்டு. 2017-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தகவல்களைப் பரிசீலித்து, அப்படி ஒரு தொடர்பு உறுதியாகத் தெரியவில்லை, உபயோகத்தை நிறுத்த வேண்டாம் என்று எழுதியது.

ஆகவே ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தியேட்டரில் சூடாக்கும் போர்வை உண்டா? ட்ரிப்பைச் சூடு செய்து ஏற்றுவீர்களா? ரிகவரியில் சூட்டை அளப்பீர்களா? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆபரேஷன் அன்று காலை தலைக்கு ஸ்நானம் செய்து ஈரத் தலையோடு போகாதீர்கள். கிருமிநாசினி போட்டுக் குளிக்கச் சொன்னால் குளித்துவிட்டுத் தலையை நன்றாக உலர்த்துங்கள். வார்டிலிருந்து தியேட்டர் போகும் வழியெல்லாம் போர்த்திக்கொள்ளுங்கள்.

ஆத்துக்கு வந்த பிறகு சில விஷயங்கள்.

முதலாவது, வெந்நீர்ப் பை. மரத்த கால், சர்க்கரை வியாதிக்காரர் கால், இரண்டுக்கும் சூடு தெரியாது. கொப்புளித்த பிறகுதான் பார்ப்போம். ஆபரேஷன் ஆன காலின் பக்கமே அது போகக் கூடாது. தைலம் தடவுவது, கெண்டைக்காலைப் பிடித்துவிடுவது இரண்டும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். காலில் ரத்தம் உறைந்திருந்தால், பிடித்துவிடுவது ஆபத்து.

இரண்டாவது, ஐஸ். "சூடா வெச்சுக்கோங்கறேள், முழங்காலுக்கு ஐஸ் வைங்கறேள்" என்று குழம்ப வேண்டாம். வீக்கத்துக்காக முழங்காலில் மட்டும் ஐஸ், துணி சுற்றி, 15, 20 நிமிஷம். அந்த நேரத்தில் மற்ற உடம்பைப் போர்த்தியிருங்கள்.

மூன்றாவது, தரை. வழுவழுப்பான தரையில் வெறும் சாக்ஸ் போட்டு நடந்தால் வழுக்கி விழலாம். அடியில் பிடிப்புள்ள செருப்பு வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். சதை வேலை செய்தால்தான் உடம்பு சூடு உண்டாக்கும்.

நான்காவது, மடி. இது நம் ஆத்து விஷயம். காயம் ஆறுமுன்பே பச்சைத் தண்ணீரில் ஸ்நானம், ஈரத்துணி என்று ஆரம்பிக்கும் பாட்டிமார்கள் உண்டு. அவர்களோடு வாதம் செய்யாதீர்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் மடிக் குறைவில்லை என்று நம் பெரியவர்களே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிப் பட்டை உடுத்தி, கம்பளியைப் போர்த்திவிடுங்கள். டாக்டர் குளிக்கச் சொல்லும்வரை, ஃபேனை நிறுத்திவிட்டு, வெந்நீரில் துணி நனைத்து, ஒவ்வொரு அங்கமாகத் துடைத்து உடனே ஈரம் போக ஒற்றினால் போதும்.

டெல்லி, கல்கத்தா உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. முதியவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனால் மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டாம், அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் லேசாகச் சூடு ஏறுவது சகஜம். 38 டிகிரிக்கு மேல் போய் நின்றாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். 35-க்குக் கீழே போனாலும் அப்படியே.

கடைசியாக ஒன்று. என் அம்மாவின் விஷயத்தில் நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. என்மேல்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் நானும் இதே வேலைதான் செய்தேன். ஸர்ஜனுக்கு வேர்க்கிறது என்றால் ஏ.ஸி.யைக் குறைத்து வைத்தவன் நான். நோயாளி நடுங்கினால், "மயக்கம் தெளியறது, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போயிருக்கிறேன். அந்தக் கட்டில்களில் நடுங்கியதும் யாரோ ஒருவருடைய அம்மாதான். என் அம்மாவின் கட்டில் ஆடியபோதுதான் அது எனக்கு உறைத்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, வெப்பப் போர்வை இல்லாமல் மூட்டு கேஸ் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். ரிடயர் ஆகும்வரை அதை விடவில்லை.

அம்மாவின் வலது முழங்கால் அருமையாக ஆயிற்று. ஆறு மாசம் கழித்து, இடது கால் எப்போது என்று கேட்டேன். "கத்திக்குப் பயமில்லைடா. அந்தக் குளிரை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது" என்றாள். இந்தத் தடவை நான் கூடவே இருக்கிறேன், அப்படி விடமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சம்மதிக்கவில்லை. 2015-ல் போகும்வரை, பதினோரு வருஷம், ஒரு நல்ல காலும் ஒரு கெட்ட காலுமாகவே இந்தத் தெருவில் நடந்தாள். கோலம் மட்டும் போட்டாள், இடது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

இந்தக் கூட்டத்தில் அடுத்த மாசம் ஆபரேஷனுக்கு நாள் பார்த்திருப்பவர்கள் இரண்டு பேராவது இருப்பீர்கள். அந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்க யாராவது துணைக்கு வேண்டும் என்றால், நான் இதே தெருவில்தான் இருக்கிறேன், வருகிறேன்.