ஆஹென் நகரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆஹெனில் எங்களுக்குப் பழக்கமான இடங்கள் எவை? வெளிநாட்டவர் அலுவலகம், வேலையிடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் பார்க்க வரும் டொம் தேவாலயத்தைத் தாண்டி நாங்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறோம். இந்த ஆண்டாவது ஒரு ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளோடு நகருக்குள் நடவுங்கோ.

எலிசென்புரூனனில் தொடங்கலாம். குழாயில் சுடுதண்ணி வரும், கூழ்முட்டை மணம் அடிக்கும். குடிக்க வேண்டாம், தொட்டுப் பாருங்கோ. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. இந்த வெந்நீரை நாடி முதலில் உரோமர் வந்தனர். பின்னர் பேரரசர் கார்ல் இங்கே அரண்மனை அமைத்தார்.

அவர் கட்டிய எண்கோண மண்டபம்தான் டொம்மின் நடுப்பகுதி. 814இல் இறந்த அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். 936 தொடக்கம் 1531 வரை முப்பது மன்னர்களளவில் ஆஹெனில் முடிசூடினர். 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதலாவது உலக மரபுரிமைப் பட்டியலில் இருந்த 12 இடங்களில் டொம்மும் ஒன்று.

சின்னப் பிள்ளைகளுக்கு யானைக் கதை சொல்லுங்கோ. பக்தாத்தின் கலீபா ஹாரூன் அல் ரஷீத் கார்லுக்கு அனுப்பிய அபுல் அப்பாஸ் என்ற யானை, அல்ப்ஸ் மலையைக் கடந்து 802இல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. கிழக்கிலிருந்து வந்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை!

வளர்ந்த பிள்ளைகளை நகர மண்டபத்துக்கு முன்னால் நிறுத்தி அந்தக் கோபுரங்களைக் காட்டுங்கோ. 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அவை எரிந்தன. திரும்பக் கட்டி முடிக்க 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது. 1981இல் எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகம் 2003இல்தானே மீண்டும் திறந்தது?

1944 செப்ரெம்பரில் ஊரைவிட்டு வெளியேறும்படி ஆஹென் மக்களுக்குக் கட்டளை வந்தது. போருக்கு முன் ஒரு இலட்சத்து அறுபதினாயிரம் பேரளவில் வாழ்ந்த நகரம் இது. ஒக்டோபர் 21இல் சண்டை ஓய்ந்தபோது சில ஆயிரம் பேர்தான் மிஞ்சியிருந்தனர். டொம் முற்றாக எரியாமல் தப்பியதற்கு ஒரு காரணம், குண்டு விழுந்த இரவுகளிலும் காவல் நின்று நெருப்பணைத்த பதின்ம வயதுப் பிள்ளைகள்.

மூட்டை முடிச்சோடு வீதியில் இறங்குவது என்னவென்று, 1995 ஒக்டோபரில் நாவற்குழிப் பாலம் கடந்த எங்கட சனத்துக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தெரியாது. "ஏன் அம்மா, நீங்கள் ஊரைவிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்கும். சிலபேர் "பிறகு சொல்லுறன்" என்று கதையை மாற்றி விடுகிறோம். அந்தப் பிள்ளை தன் ஊராக நினைக்கும் ஆஹெனும் ஒருகாலம் வெறிச்சோடிக் கிடந்தது. அந்தக் கோபுரத்தடியில் நின்று கதையைத் தொடங்குங்கோ. பிள்ளைக்கு விளங்கும்.

புத்தாண்டில் எல்லா வீட்டிலும் அந்தக் கதை தொடங்கட்டும்.