ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம்



ஃபின்லாந்து நாட்டில் துர்க்கு என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்குள்ள கப்பல் கட்டும் தளத்திலிருந்து 2009-இல் ஒரு கப்பலும், அடுத்த ஆண்டு இன்னொரு கப்பலும் வெளியே வந்தன. முதலாவதன் பெயர் ஒயாசிஸ் ஆஃப் த சீஸ். இரண்டாவதன் பெயர் அல்யூர் ஆஃப் த சீஸ். ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டியவை. இரண்டுமே ஏறத்தாழ 360 மீட்டர் நீளம். பயணிகள் நடமாட 16 தளங்கள். அன்றைக்கு உலகத்தில் இவற்றைவிடப் பெரிய பயணிகள் கப்பல் கிடையாது. அளந்து பார்த்ததில் அல்யூர் 5 சென்டிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தது. வேண்டுமென்று செய்ததல்ல என்றும், எஃகின் வெப்பநிலையைப் பொறுத்தே இந்த அளவு மாறக்கூடும் என்றும் விளக்கம் சொன்னார்கள்.

விடுமுறைக்குக் கப்பலில் போக நினைக்கும் குடும்பங்கள் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நின்றுவிடுகின்றன. எதில் போவது? அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ மகளோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை ஒரு வாரம் கடலில் அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். பெரியவர்கள் வந்து தங்கியிருக்கும் மாதங்கள், மகனுக்குக் கிடைக்கும் விடுப்பு, பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மூன்றும் ஒத்துவரும் வாரம் வருடத்தில் ஒன்றிரண்டுதான் அமையும். அந்த வாரம் நன்றாகக் கழிய வேண்டும் என்ற அக்கறையில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பல்களின் மேல்பகுதியை நடுவில் நீளவாக்கில் பிளந்து, இடையில் வானம் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் சென்ட்ரல் பார்க் என்று ஒரு தோட்டம். 12,000-க்கும் மேற்பட்ட உயிருள்ள செடிகொடிகள். பின்பக்கம் போர்டுவாக் என்று இன்னொரு திறந்த வெளி, அதன் கோடியில் நீர் சாகசம் காட்டும் அரங்கம். இந்தப் பிளவினால் கப்பலின் உள்பக்கத்து அறைகளுக்கும் பால்கனி கிடைத்தது. கடலைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்க்கும் பால்கனி. கப்பல் கட்டும் கலையில் அது துணிச்சலான யோசனை.

இவ்வளவு உயரமாகக் கட்டியதை வெளியே கொண்டுவருவதே ஒரு சாதனை. பால்டிக் கடலைவிட்டு வெளியேற டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்துக்கு அடியில் போயாக வேண்டும். பாலத்தின் உயரம் தண்ணீரிலிருந்து 65 மீட்டர். கப்பலின் உயரமோ 72 மீட்டர். அதற்காகப் புகைபோக்கிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போகும்போது கப்பல் சற்று அமிழும். அதையும் பயன்படுத்தி, இரண்டடிக்கும் குறைவான இடைவெளியில் ஒயாசிஸ் கடந்து போனது. அடுத்த ஆண்டு அல்யூரும் அதே வழியில் போனது.

சரி, எல்லாமே ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே வருகிறது? கடலுக்கு வந்த பிறகு வருகிறது. ஒரே கொத்தனார் ஒரே தெருவில் கட்டிக்கொடுத்த இரண்டு வீடுகளைப் பத்து வருடம் கழித்துப் பாருங்கள். ஒன்றில் மாடி எழுந்திருக்கும். இன்னொன்றில் முற்றத்தை மூடியிருப்பார்கள். கப்பலும் அப்படித்தான். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை டிரை டாக் என்னும் உலர்துறையில் ஏற்றி, அடிப்பாகத்தைப் பழுது பார்த்து, வேண்டியதைச் சேர்ப்பார்கள். ஒயாசிஸ் 2019-இல் ஸ்பெயினின் காதிஸ் நகரத்தில் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. நீர்ச்சறுக்குகளும், பல தளங்கள் உயரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் பெரிய சறுக்கும், புதிய உணவகங்களும் வந்தன. அல்யூருக்கு 2020-இல் நடப்பதாக இருந்த அதே வேலை கொரோனாவால் தள்ளிப்போய் 2025-இல்தான் முடிந்தது. இடையில் இருந்த ஐந்தாறு ஆண்டுகளில், இரண்டும் ஒரே மாதிரி என்று நம்பி அல்யூரில் ஏறிய பிள்ளைகள் அந்தச் சறுக்குகளைத் தேடியிருப்பார்கள். ஆகவே கப்பல் கட்டிய ஆண்டைக் கேட்காதீர்கள். கடைசியாக டிரை டாக்குக்குப் போனது எப்போது, அங்கே என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது கூட்டம். விளம்பரத்தில் 2,25,000 டன் என்று படிக்கும்போது பலர் அதைக் கப்பலின் எடை என்று எண்ணிக்கொள்கிறார்கள். மொத்த டன் என்பது கப்பலின் உள்ளே அடங்கிய இடத்தின் அளவைக் கணக்கிட்டு வரும் எண். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். இந்த இரண்டு கப்பல்களும் கட்டப்பட்டபோது அறைக்கு இருவர் கணக்கில் 5,400 பேர். வகுத்தால் 41-க்குச் சற்று மேல் வரும். ஆனால் அறைகளில் சுவரிலிருந்து இறக்கும் கட்டில்களும், சோபாவை விரித்தால் வரும் படுக்கைகளும் இருக்கின்றன. அவையும் நிரம்பினால் எண்ணிக்கை 6,200-ஐத் தாண்டிவிடும். அப்போது அதே கணக்கு 36-க்கு இறங்கிவிடுகிறது. படுக்கைகள் எப்போது நிரம்பும்? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும்போது. கிறிஸ்துமஸ் வாரம், மார்ச் மாத வசந்த விடுமுறை, ஜூன் ஜூலை. கப்பலை மாற்றுவதைவிடத் தேதியை இரண்டு வாரம் நகர்த்துவது உங்கள் பயணத்தை அதிகம் மாற்றும். ஜனவரி முதல் வாரம் கழிந்த பிறகு போகிறவர்களுக்கு லிஃப்டும் காலியாகக் கிடைக்கும், கட்டணமும் குறையும். பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால் நான் அந்த நாட்களையே சொல்வேன். ஜூனிலிருந்து நவம்பர் முடிய அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம் என்பதையும் மனத்தில் வையுங்கள். புயல் வந்தால் கப்பல் வேறு தீவுக்குப் போகும். முன்பே சொன்ன துறைமுகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கப்பல் நிறுவனத்துக்கு இல்லை.

இனி வழித்தடம். இதைப் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஃபுளோரிடாவிலிருந்து புறப்படும் பயணங்களில் பெரும்பாலும் பகாமாஸ் தீவுகள் வரும். அதற்குச் சட்டக் காரணம் உண்டு. இந்தக் கப்பல்கள் பகாமாஸ் நாட்டில் பதிவானவை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் ஏதாவதொரு அயல்நாட்டுத் துறையைத் தொட்டுத்தான் திரும்ப வேண்டும். தொட்டுத் திரும்பினால் நம் பெற்றோர் அமெரிக்காவைவிட்டு வெளியேறி மறுபடி நுழைகிறார்கள் என்று பொருள். அவர்கள் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

கரீபியன் பயணத்தில் கடலிலேயே கழியும் நாட்கள் அதிகம். அங்கே கப்பல்தான் ஊர். சறுக்கு, அரங்கம், தோட்டம் எல்லாவற்றையும் முழுக்க அனுபவிக்கலாம். எனவே அங்கே எது அண்மையில் புதுப்பிக்கப்பட்டது என்ற கேள்விக்கு மதிப்பு உண்டு. மத்தியதரைக் கடலில் நிலைமை வேறு. அல்யூர் 2025 கோடையில் பார்சிலோனாவிலிருந்து புறப்பட்டது. அந்தப் பக்கத்து ஒரு வாரப் பயணங்களில் ஏறக்குறைய தினம் ஒரு ஊர். காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறவருக்குச் சறுக்கு ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அவர் பார்க்க வேண்டியது வேறு. அட்டவணையில் ரோம் என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டவேக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபுளோரன்ஸ் என்று இருந்தால் லா ஸ்பெசியாவில் நிற்கலாம். அங்கிருந்து ஃபுளோரன்ஸ் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கப்பல் ஊரில் நிற்கும் நேரத்திலிருந்து போக வர ஆகும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் ரோம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் இன்னொன்றும் கேளுங்கள். கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்குமா, அல்லது நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சிச் சிறு படகில் கரைக்கு ஏற்றிப் போவார்களா? அலையில் ஆடும் படகுக்குள் காலை எடுத்து வைப்பது எழுபது வயதில் எளிதல்ல.

இப்போது அறை. ஒரே கப்பலில் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம், இரண்டு கப்பல்களுக்கு நடுவே உள்ளதைவிடப் பெரியது. பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தக் கப்பலின் இருபுறமும் நீருக்குள் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள் இருக்கின்றன. முன்பக்கம் எழுந்து பின்பக்கம் தாழும் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. அந்த ஆட்டம் இரு முனைகளில்தான் அதிகம், நடுவில் குறைவு. தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். பின்முனையில் 20 மெகாவாட் சக்தியுள்ள மூன்று உந்துவிசை எந்திரங்கள் சுழல்கின்றன; அங்கே அதிர்வு தெரியலாம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். தோட்டத்தைப் பார்த்த பால்கனி அமைதியானது, வாடகையும் குறைவாக இருக்கும். ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் நேரே தெரியும், திரைச்சீலையை இழுத்துவிடத்தான் வேண்டும். போர்டுவாக்கைப் பார்த்த அறை என்றால் இரவுக் காட்சியின் இசை உள்ளே வரும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். அப்பாவுக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வரும் என்றால் யோசியுங்கள். பெரிய நாடக அரங்கம் முன்பக்கம், முக்கிய உணவுக்கூடம் பின்பக்கம். கப்பலின் நீளம் 360 மீட்டர் என்றேன். சாப்பிட்டுவிட்டு நாடகம் பார்க்கப் போவதே ஒரு நடைப்பயிற்சி. லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவின்போதே குறித்துவிட்டு, முதல் நாள் இரவே உணவுக்கூடத்தின் மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். செலவைக் கூட்டும்போது அறைக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். சாதாரண அறையிலேயே ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலருக்கு மேல் டிப்ஸ் சேரும். இணையத்துக்குத் தனிக்காசு, குளிர்பானத்துக்கும் தனிக்காசு.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறிச் சோதிப்பார்கள். சமையலறை, குடிநீர், நீச்சல்குளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 100-க்கு மதிப்பெண். 86 எடுத்தால்தான் தேர்ச்சி. முடிவுகளை யாரும் பார்க்கலாம். இரண்டு கப்பல்களுக்கு நடுவே மனம் ஊசலாடுகிறவர்களுக்கு, விளம்பரப் படங்களைவிட இந்த அறிக்கை கூடுதலாகச் சொல்லும். எந்தச் சோதனையில் எதற்கு மதிப்பெண் குறைந்தது என்பதுவரை அதில் இருக்கும்.

எல்லாம் முடிவாகி விமானச் சீட்டு எடுக்கும்போது, கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே துறைமுக நகரத்துக்குப் போய்ச் சேரும்படி எடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஓர் இரவு விடுதி வாடகை கூடுதலாகும், ஆகட்டும். பெரியவர்களும் ஓய்வெடுத்துக்கொண்டு மறுநாள் கப்பல் ஏறலாம்.