வாசலை விடாதவள்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சோர்ந்து போகாம ஜெபம் பண்ணுங்க"ன்னு பிரசங்கத்துல கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளிச்சுப் போச்சு. பொறுத்துக்கொள், வாய் திறக்காதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதே அதன் பொருளாக நமக்குப் போதிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையின் கதை. அதை நம்ம கண்ணால வாசிச்சுப் பார்ப்போம்.

அந்த விதவை மூலையில் முடங்கவில்லை. நியாயாதிபதியிடம் நடந்தாள். கேட்டது பிச்சையல்ல, நியாயம். அவன் மறுத்தான், அவள் விடவில்லை. கடைசியில் அவன் மனம் திருந்தியா தீர்ப்புச் சொன்னான்? இல்லை, தொல்லை தாங்காமல்தான். இந்த நச்சரிப்பைத்தான் இயேசு ஜெபத்துக்கு உதாரணமா வைக்கிறார்.

அந்த நியாயாதிபதிக்குக் கடவுள் பயமும் இல்லை, மனிதர் மேல் மதிப்பும் இல்லை. லூக்கா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அப்படியானால் சக மனுஷனை மதிக்காதவனுக்குத் தெய்வ பயம் எங்கிருந்து வரும்? வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சுவரை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் முழங்கால் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செத்தவனைக்கூட தள்ளிப் படுக்க வைக்கிறவனுக்கு எதுக்கு ஸ்தோத்திரம்?

அரசும் அந்த நியாயாதிபதி மாதிரிதான். 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்க மறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் தலித் இஸ்லாமியரும் வெளியே நிற்கிறோம். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது, அரசு ஏற்கவில்லை. 2022இல் மறுபடியும் ஓர் ஆணையம் போட்டார்கள். மதம் மாறினா சாதி போயிடுமாம். சேரியில வந்து பார்க்கட்டும்!

ஆகஸ்ட் 10ஐ ஆண்டுதோறும் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோமே, அதுவும் ஜெபம்தான். கடவுளுக்குப் பயப்படுறவன் ஆதிக்கத்துக்குப் பயப்பட மாட்டான். அவர்கள் மனம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிஷப் பங்களா வாசலுக்கும் போவோம், டில்லி வாசலுக்கும் போவோம். திறக்கிற வரைக்கும் தட்டுவோம்.