எழுத்தும் ஏவலும்



கணிப்பொறி முனையத்தின் திரையில் அடுத்த எழுத்து விழவேண்டிய இடத்தைக் காட்டும் ஒளிக்குறியே இடஞ்சுட்டி. அதனை வேண்டிய இடத்திற்கு நகருமாறு ஏவுவது எங்ஙனம்? கணிப்பொறியிலிருந்து திரைக்கு வரும் வழி ஒன்றே. எழுத்தும் அவ்வழியே வரும். ஏவலும் அவ்வழியே வரும். இரண்டையும் பிரித்துக்காட்ட ஓர் அடையாளம் வேண்டும்.

அவ்வடையாளமே எசுகேப்பு எனப்படும் விடுபடு குறி. ஒரு குறித்தொகுதியினின்று மற்றொன்றிற்கு மாறுதற்கென 1960இல் இதனை முன்மொழிந்தவர் பாப் பீமர். ஆசுக்கி நெறியில் இதன் எண் 27. இக்குறி வந்தால், தொடர்ந்து வருவது எழுத்தன்று, ஏவல் என முனையம் அறியும்.

அடையாளம் ஒன்றாயினும் ஏவல்மொழி ஒன்றாகவில்லை. 1975இல் வந்த டிசிட்டல் நிறுவனத்தின் வி.டி.52, விடுபடு குறிக்குப்பின் 'ஒய்' என்னும் எழுத்தை எதிர்பார்த்தது. 1976இல் வந்த ஏ.டி.எம்.3ஏ முனையமோ சமக்குறியை எதிர்பார்த்தது. ஒன்றிற்கென எழுதிய நிரல் மற்றொன்றில் திரையைக் குலைத்தது. ஆக்கியோன் ஒருவனின் பொறியை வாங்கியவர் அவனுக்கே கட்டுண்டார். பெர்க்கிளியில் பில் சாய் 1978இல் முனையங்களின் ஏவல்களையெல்லாம் ஒரு பட்டியலாகத் தொகுத்தார். அது நல்ல மருந்தே. ஆயினும் நோயின் வேரைக் களையவில்லை.

வேரைக் களைந்தது பொதுநெறியே. ஐரோப்பியக் கணிப்பொறி ஆக்குநர் கழகம் 1976இல் இ.சி.எம்.ஏ.48 நெறியை வகுத்தது. 1978இல் வி.டி.100 முனையம் இவ்வகை ஏவல்களை ஏற்று வந்தது. 1979இல் அமெரிக்க நாட்டுத் தரநெறியும் வெளிவந்தது. இந்நெறிப்படி விடுபடு குறி, திறப்புச் சதுர அடைப்பு, 5, அரைப்புள்ளி, 20, 'எச்' என விடுத்தால், இடஞ்சுட்டி ஐந்தாம் வரியின் இருபதாம் கட்டத்தில் நிற்கும். விடுபடு குறி, திறப்புச் சதுர அடைப்பு, 3, 'ஏ' என விடுத்தால் மூன்று வரி மேலேறும். வி.டி.100 பொறிகள் மறைந்துபோயின. அவ்வேவல்களோ இன்றைய மென்பொருள் முனையங்களிலும் வாழ்கின்றன.

இங்குத் தமிழர் கருதவேண்டியது ஒன்றுண்டு. அவ்வேவல் எண்ணுவது கட்டங்களையே, எழுத்துகளையன்று. யூனிகோடில் 'க்' என்பது இரு குறிகள், திரையில் ஓரெழுத்து. 'கௌ' என்பதும் இரு குறிகள். திரையிலோ அகன்று விரியும். நிரல் ஓர் அளவாக எண்ண, முனையம் வேறளவாக வரைந்தால், இடஞ்சுட்டி பிறழும். திருத்தம் அடுத்த எழுத்தின்மேல் விழும். தமிழெழுத்துகளின் கட்ட அளவில் நிரலும் முனையமும் ஒருநெறிப்படல் வேண்டும். அதனை வகுத்து வலியுறுத்தும் பொறுப்பு அவ்வெழுத்தை ஆள்வோர்க்கே முதற்கண் உரியது.