மொஹீனின் குதிரைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷன் வரையே பயின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் எம்மையும் இம்மேடையில் ஏற்றிய சங்கத்தார்க்கு நன்றி. இசையைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். தியாகையரைப் பற்றியோ தமிழிசை இயக்கத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்தோர் இருக்கலாம். யாமோ, நாம் குடியேறி வாழும் இம்மாநகரில் ஏழு வங்க இளைஞர்கள் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேச வந்துள்ளோம். கிதாரும் டிரம்ஸும் முழங்கும் பாட்டுகள் அவை. அதற்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

1960-களில் அமெரிக்க நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் பிள்ளைகள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, வீட்டு மோட்டார் கொட்டகையிலேயே வாத்தியங்களை வைத்துப் பழகத் தொடங்கினர். கொட்டகைக்கு ஆங்கிலத்தில் கராஜ் என்பது பெயராதலால், அவ்விசைக்குக் 'கராஜ் ராக்' என்னும் பெயர் பிற்காலத்தில் வழங்கலாயிற்று. சாத்திரப் பயிற்சி இல்லை. குரலில் மெருகும் இல்லை. உள்ளத்தில் வேகம் ஒன்றே உண்டு. 1963-இல் 'கிங்ஸ்மென்' என்னும் குழுவினர் போர்ட்லண்டு நகரில் ஐம்பது டாலர் அளவான செலவில் 'லூயி லூயி' என்ற பாட்டைப் பதிவு செய்தனர். பாடியவரின் சொற்கள் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத சொல்லில் தகாத பொருள் இருக்குமோ என்று ஐயுற்று அந்நாட்டுத் துப்பறியும் துறையே ஈராண்டுக்கு மேல் ஆராய்ந்து, இறுதியில் 'ஒன்றும் விளங்கவில்லை' என்று கைவிட்டது! இத்தகைய பாட்டுகளுள் பல மறக்கப்பட்டுக் கிடந்தன. 1972-இல் 'நக்கெட்ஸ்' என்ற தொகுப்பு வெளிவந்த பின்னரே அவற்றின் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

அந்த அலை நம் நாட்டையும் தொட்டது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிகரெட் கம்பெனி ஒன்று தன் 'சிம்லா' சிகரெட்டின் விளம்பரத்திற்காக அகில இந்தியப் போட்டி நடத்தி, வென்ற குழுக்களின் பாட்டுகளை 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் இசைத்தட்டுகளாக வெளியிட்டது. கல்கத்தாக் குழுக்களோடு நம் சென்னைப் பிள்ளைகளின் 'கன்ஃப்யூஷன்ஸ்' குழுவும் அத்தட்டுகளில் இடம் பெற்றது. ஆனால் அவர்கள் பாடியது ஆங்கிலத்தில். இசையும் கடன், மொழியும் கடன். ஆகவே அந்தப் பாட்டுகள் வீதிக்கு வரவில்லை. வீட்டு அடுக்களைக்கும் வரவில்லை.

இனி, இந்நகரின் இசைத்தட்டுப் பெருமையையும் ஒரு சொல்லில் கூறிவிடுவோம். 1902-இல் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தது இங்கேதான். 1908-இல் சியால்தாவில் எழுந்த இசைத்தட்டுத் தொழிற்சாலை, 1928-இல் டம்டமுக்கு மாறியது. நம் பாட்டனார் ஊரில் கிராமபோன் பெட்டியைச் சுழற்றிக் கேட்ட தட்டுகளுள் எத்தனையோ இந்த டம்டமில் வார்க்கப்பட்டவை. இத்தகைய நகரில் புதுப்பாட்டு ஒன்றைக் கேட்கச் செய்வது எளிதா? இரவீந்திர சங்கீதம் ஒருபுறம், ஹேமந்த குமாரும் மன்னா டேயும் பாடிய 'ஆதுனிக்' பாட்டு மறுபுறம் என்று செவிகள் நிறைந்திருந்த ஊர் இது.

அப்படிப்பட்ட ஊரில் 1975-ஆம் ஆண்டளவில் ஏழுபேர் கூடினர். தலைவர் கௌதம் சட்டோபாத்யாயர். பிரசிடென்சி கல்லூரியில் பயின்றவர். பார்க் வீதியின் விடுதியில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர். நக்சல் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று, வெளிமாநிலத்தில் சில காலம் வாழ்ந்து திரும்பியவர். அவர்தம் தம்பியர், உறவினர் ரஞ்சன் கோஷால், பியானோவும் வயலினும் வாசிக்கவல்ல ஆபிரகாம் மஜும்தார், மற்றும் நண்பர் இருவர். ஏழுபேராதலின் 'சப்தரிஷி' என்றும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தனர். முடிவில் நிலைத்த பெயர் 'மொஹீனேர் கோராகுலி'. 'மொஹீனின் குதிரைகள்' என்பது பொருள். இந்நகரின் டிராம் வண்டியில் அடிபட்டு 1954-இல் மறைந்த பெருங்கவிஞர் ஜீவனானந்த தாசரின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. பெயரிலேயே அவர்தம் நோக்கம் விளங்கவில்லையா? வாத்தியம் மேனாட்டுடையதாயினும் வேர் வங்கத்துடையது!

அவர்களுக்கு மோட்டார் கொட்டகை இல்லை; தென்கல்கத்தா நாக்தலாவில் கௌதமின் வீடுதான் கொட்டகை. மின்வெட்டும் வேலையில்லாத் திண்டாட்டமும் மலிந்த காலம். கிதாரோடு பவுல் பாடகரின் நாட்டுப்புற மெட்டைச் சேர்த்தனர். வயலினும் புல்லாங்குழலும் சாக்ஸபோனும் சேர்த்தனர். நிலவையும் மலரையும் பாடி வந்த பாட்டில் நகரத்தின் தவிப்பை ஏற்றினர். 1977-இல் வெளிவந்த முதல் தட்டின் பெயர் 'சங்விக்ன பாக்கிகுல் ஓ கல்கத்தா பிஷயக்'. கலங்கிய பறவைக் கூட்டமும் கல்கத்தாவும் பற்றியது என்று பொருள் கொள்ளலாம். 1978-இலும் 1979-இலும் மேலும் இரு சிறு தட்டுகள் வந்தன.

வரவேற்பு எவ்வாறிருந்தது? முகம் சுளித்தோரே மிகுதி. இது பாட்டா, கூச்சலா என்றனர் பெரியோர். ஆங்கில ராக் கேட்டுப் பழகியோர்க்கு வங்கமொழி கசந்தது. வங்கப் பாட்டில் தோய்ந்தோர்க்குக் கிதார் கசந்தது. தட்டுகள் பரவலாக விற்கவில்லை. 1981-இல் குழு கலைந்தது. அவரவர் தொழிலை நாடி அவரவர் சென்றனர்.

ஆனால் பாட்டு சாகவில்லை. கல்லூரி விடுதிகளில் மாணவர் வாய்வழியே ஒருவர்க்கொருவர் கற்பித்து அதனைக் காத்தனர். 1992-இல் சுமன் சட்டோபாத்யாயரின் 'தோமாக்கே சாய்' வெளிவந்து வங்கத்தின் செவியைத் திறந்தது. 1995-இல் கௌதம் புதிய இளைஞர்களையும் சேர்த்து 'ஆபார் பச்சோர் குடி போரே' என்னும் தொகுப்பைக் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் வெளியிட்டார். முன்பு எள்ளிய நகரமே இப்போது அள்ளிக் கொண்டது! அதில் உள்ள 'பிருதிபீட்டா நாக்கி' என்ற பாட்டின் மெட்டு 2006-இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்திப் படத்திலும் ஒலித்தது. கேக்டஸ், சந்திரபிந்து, ஃபாசில்ஸ் என்று இன்று மைதானங்களை நிரப்பும் வங்கக் குழுக்களுக்கெல்லாம் முன்னோடி என அக்குதிரைகளையே சொல்கின்றனர். எனினும் கௌதம் அப்புகழை நெடுநாள் காணவில்லை. 1999-இல் மறைந்தார். பாரதியாரை நாம் நினைக்கிறோம் அல்லவா? 1921-இல் அவர்தம் இறுதி ஊர்வலத்தில் நடந்தோர் மிகச் சிலரே. பாராட்டுக்குக் காலந்தாழ்த்துவது வங்கத்தார்க்கு மட்டும் உரிய குறையன்று.

அன்பர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். எம் குடியிருப்பில் மூன்று பிள்ளைகள் உளர். மாலையில் சைக்கிள் கொட்டகையில் அமர்ந்து கிதார் வாசிப்பார்கள். அவர்கள் ஒரு தமிழ்ப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். பண்டிகை விடுப்பில் ஹௌராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயிலைப் பற்றியது. ஊருக்குப் போனால் 'வங்காளத்துப் பிள்ளை', இங்கே வந்தால் 'மதராசிப் பிள்ளை', இரண்டு பேரும் ஒருவனே என்பது அதன் கருத்து. அப்பாட்டை அவர்கள் எழுதி வைத்திருக்கும் தாளைக் கண்டோம். தமிழ்ச் சொற்கள், ஆனால் எழுத்து வங்க எழுத்து! நம் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. ழகரம் அவர்கள் நாவில் ளகரமாக வருகிறது. கேட்டோர் சிலர் நகைத்தனர். இவ்வாண்டு விழாவில் பாட இடம் கேட்டபோது, நிகழ்ச்சி நிரல் நிறைந்துவிட்டது என்ற விடை கிடைத்தது.

யாரையும் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நிகழ்ச்சி அமைப்போர் படும் பாட்டை யாம் அறிவோம். ஆயினும் ஒன்று எண்ணிப் பாருங்கள். தமிழ் வகுப்பிற்கு வாருங்கள் என்று ஆண்டுதோறும் அழைக்கிறோம், வருவோர் சிலரே. இம்மூன்று பிள்ளைகளையோ யாரும் அழைக்கவில்லை. தாமே தமிழை நாடி வந்திருக்கிறார்கள். தம் மனத்தில் உள்ளதைச் சொல்ல அவர்களுக்கு இந்தி போதவில்லை, ஆங்கிலம் போதவில்லை, வாயில் நாளெல்லாம் புரளும் வங்காளியும் போதவில்லை. அம்மா பேசும் மொழி வேண்டியிருந்தது. இதைவிட நம் சங்கத்திற்கு வேறு வெற்றி உண்டோ? பாட்டு நன்றாயிருக்கிறதா இல்லையா என்பது பிறகு. ழகரத்தைத் திருத்துவதும் பிறகு. நகைத்து அனுப்பிவிட்டால் திருத்துவதற்கு ஆளே இராது.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்பது இளையோர் கடமையென்றால், கேட்பது மூத்தோர் கடமை அன்றோ? கொல்கத்தா தன் பிள்ளைகளின் பாட்டைக் கேட்கப் பதினெட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. கோடிக்கணக்கான வங்கத்தார் சூழ வாழ்ந்ததால் அம்மொழிப் பாட்டு அதுவரை உயிர் தாங்கிற்று. இங்கே நாம் சில குடும்பங்களே. பதினெட்டு ஆண்டு நாம் காத்திருந்தால், கேட்பதற்குத் தமிழ் இராது.

ஆதலின் எம் வேண்டுகோள் சிறியது. வரும் ஆண்டு விழா முதல், பிள்ளைகள் தாமே கட்டிய தமிழ்ப் பாட்டுகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்குக. கிதாராயினும் ஆகுக, மிருதங்கமாயினும் ஆகுக. தாய்மார்கள் முன்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். பாடும் பிள்ளை தன் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரவேண்டும் என்ற ஒரே விதியை மட்டும் வையுங்கள். எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பை, ஞாயிறுதோறும் காலையில், யாம் ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.

 வாழ்க தமிழ்! வாழ்க நமக்கு வாழ்வளித்த வங்கம்!