பொலிஸ் நிலையத்தில் யாரை எப்படி அழைப்பது?



2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது. இப்படி வீடு போகும்போது அடையாள அட்டையும் போய்விடுகிறது. புது அட்டைக்கு விண்ணப்பிக்க வழக்கமாகப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். ஆகவே நீங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். அங்கே யார் யார் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

முதலில் நீங்கள் காண்பது கான்ஸ்டபிள். ஆங்கிலச் சுருக்கம் பீ.சீ. கிராமத்துச் சிங்களப் பேச்சில் அவரை 'ராலஹாமி' என்பார்கள். அவருக்கு மேலே சார்ஜன்ட். இந்த இருவருக்கும் இலக்கம் உண்டு. பெயர் மறந்தாலும் அந்த இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எஸ்.ஐ., அதாவது உப பொலிஸ் பரிசோதகர். அதற்கு மேல் இன்ஸ்பெக்டர், அதாவது பொலிஸ் பரிசோதகர்.

நிலையத்துக்குப் பொறுப்பானவர் ஓ.ஐ.சீ. தமிழில் பொறுப்பதிகாரி, சிங்களத்தில் 'ஸ்தானாதிபதி'. மூன்றும் ஒருவரே. உங்கள் முறைப்பாட்டை எழுத மறுத்தால் கேட்க வேண்டியது அவரைத்தான். அவருக்கும் மேலே ஏ.எஸ்.பீ., அதாவது உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் இருக்கிறார்.

பிள்ளைகள் ஆங்கிலப் படம் பார்த்து 'காப்' என்று சொல்வார்கள். அது வெள்ளைக்காரர் தங்களுக்குள் பேசும் பேச்சு வார்த்தை. 'பொபி' என்பதும் அப்படித்தான். 1829இல் லண்டன் பொலிஸை அமைத்த ரொபர்ட் பீலின் பெயரிலிருந்து வந்தது. இவற்றை வீட்டில் சொல்லிச் சிரிக்கலாம், முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. 'பொலிஸ்காரன்' என்பதும் அப்படியே. எந்தத் தரத்தினரையும் 'ஒபிசர்' என்றோ 'சேர்' என்றோ அழைக்கலாம். பெண் அதிகாரியை 'மிஸ்' என்று அழைக்கலாம். கடிதத்தில் மட்டும் 'பொறுப்பதிகாரி, பொலிஸ் நிலையம்' என்று முழுமையாக எழுதுங்கள்.

மரியாதையாகப் பேசுவது என்றால் தலைகுனிந்து நிற்பது அல்ல. தோட்டத்தில் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கைகட்டி நின்று பழகிய நமக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் நிருவாக மொழி சிங்களம். ஆனாலும் அரச அதிகாரியுடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. தமிழ் எழுதத் தெரிந்த அதிகாரி இல்லையென்றால், நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சிங்களத்தில் எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்லக் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

வெளியே வருமுன் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: திகதி, முறைப்பாட்டு இலக்கம், எழுதியவரின் தரம், அவரது இலக்கம் அல்லது பெயர். மறுமுறை போகும்போது "அன்றைக்கு ஒரு பொலிஸ் எழுதினார்" என்றால் தேட முடியாது. "இந்தத் திகதியில், இந்த இலக்கமுள்ள கான்ஸ்டபிள்" என்றால் புத்தகத்தைப் புரட்டி எடுப்பார்கள்.

அவசரத்துக்குப் பொலிஸ் 119. அதிகாரி உங்கள் உரிமையை மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996. இந்த இரண்டு எண்களையும் வீட்டுக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகட்டும்.